மீன் செத்தது என்று எழுதியிருக்கலாம்

அத்தியாயம் 14

மடைச் சண்டை ஒருவழியாகத் தீர்ந்தது என்று போன வாரம் நிம்மதியாகப் படுத்தவர்களுக்கு ஒரு வார்த்தை. சிங்கராயர் வீட்டில் நிம்மதி ஒரு வாரத்துக்கு மேல் தங்கியதாகச் சரித்திரமே கிடையாது.

சிங்கராயருக்கு மேல் வயல், முருகையனுக்குக் கீழ் வயல். வலங்கைமான் பக்கத்தில் இந்த மாதிரி வயல்களுக்குத் தனித்தனி வாய்க்கால் இல்லை. மேல் வயலில் பாய்ந்த தண்ணீர்தான் மடை வழியாகக் கீழ் வயலுக்கு இறங்க வேண்டும். மேலே இருப்பவர் மனசு வைத்தால்தான் கீழே இருப்பவர் வீட்டில் உலை கொதிக்கும். இதை வைத்து இரண்டு வீடும் இரண்டு வருடம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போயின. ஷார்ஜாவிலிருந்து ஊரோடு வந்துவிட்ட மூத்த மகன் கிளாட்சன், "இனிமே இந்த மடைய எங்க கையால அடைக்க மாட்டோம் சித்தப்பா" என்று முருகையன் கையில் அடித்துச் சத்தியம் செய்தான். போன வாரம் அங்கேதான் விட்டோம்.

நல்ல சத்தியம்தான். அதில்தான் வினை.

ஆனால் வினை முளைத்த இடம் வயல் இல்லை. தஞ்சாவூரில், நெல் ஆராய்ச்சி நிலையத்துப் பெண்கள் விடுதியில், வெள்ளிக்கிழமை காலையில் சிங்கராயரின் மகள் ஜெனித் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ரேடியோவில் பேசப் பழகிக்கொண்டிருந்தாள்.

அவள் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரை வெளிநாட்டுப் பத்திரிகையில் வந்ததும், அதைப் பார்த்து பிலிப்பைன்ஸில் வேலைக்குக் கூப்பிட்டதும், சிங்கராயர் அந்தக் கட்டுரையின் நகலைத் திருக்குடும்பப் படத்துக்குப் பக்கத்தில் கண்ணாடி போட்டு மாட்டியதும் உங்களுக்குத் தெரியும். அடுத்த மாதம் விமானம். அதற்குள் உள்ளூர் வானொலியில் விவசாயிகளுக்காக ஐந்து நிமிடம் பேசச் சொல்லியிருந்தார்கள்.

எதிரே அறைத்தோழி ஃபெபி. தரங்கம்பாடிக்காரி, மண் பரிசோதனைப் பிரிவில் வேலை. கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு கொட்டாவி விட்டாள்.

"ம், ஆரம்பி."

"சம்பா நாற்றங்காலில் குருத்துப்பூச்சி வராமல் தடுக்க, குருணை மருந்தை வழக்கமான அளவில் பாதி போட்டாலே போதும் என்று எங்கள் ஆய்வில் தெரிய வந்திருக்கிறது."

"நல்லா இருக்கு. மேல சொல்லு."

"வரையறுக்கப்பட்ட நீர் மேலாண்மைச் சூழலில்..."

"அப்படின்னா?"

ஜெனித் யோசித்தாள். "தண்ணி வெளிய போகாம."

"எவ்வளவு நாளைக்கு? யாரு போகாம பாத்துக்கணும்? ரேடியோ கேக்குறவங்க அதான கேப்பாங்க."

ஜெனித் கட்டுரையை எடுத்தாள். அந்த இடத்தில் ஏழு வரிக்கு நீளும் ஒரே வாக்கியம். முதல் வரியில் தொடங்கியது ஏழாவது வரியில் மூச்சு வாங்கிக்கொண்டு முடிந்தது. மடையை யார் அடைத்தார்கள், எதை வைத்து அடைத்தார்கள், எத்தனை நாள் திறக்கவில்லை, ஒன்றும் இல்லை. அவள் எழுதிய வாக்கியம்தான். அவளாலேயே அதற்குள்ளிருந்து ஒரு பதிலை வெளியே எடுக்க முடியவில்லை.

"சரி, அதை அப்புறம் பாத்துக்கலாம். அடுத்த வரி என்ன?" என்றாள் ஃபெபி.

ஜெனித் மெல்லத் தமிழாக்கிப் படித்தாள். "நீர்வாழ் உயிரினங்களின் மீதான எதிர்மறை விளைவுகள் முழுவதும் இல்லை என்று கூற இயலாது."

ஃபெபி சிரித்துவிட்டாள். "தாயே, இத எங்க ஊரு பாதிரியாரே மூணு தடவ படிச்சாத்தான் புரியும். என்னதான் சொல்ல வர்ற?"

"மீன் செத்துச்சு" என்றாள் ஜெனித்.

சொன்ன பிறகுதான் அவள் காதிலேயே அது விழுந்தது.

ஆராய்ச்சி நிலையத்தில் அவள் ஆய்வுப் பாத்திக்கு நாலு பக்கமும் சிமென்ட் வரப்பு. ஒரு ராத்திரி வரப்புக்கு அடியில் இருந்த நண்டு வளை வழியாக, மருந்து போட்ட தண்ணீர் கசிந்து பக்கத்து வடிகாலில் இறங்கிவிட்டது. காலையில் வடிகால் முழுக்க மீன் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தது. முதல் தடவை அவள் அதை அப்படியேதான் எழுதினாள். ஒரு வாரம் மடையை அடைத்து வைத்தோம், தண்ணீர் கசிந்த இடத்தில் மீன் செத்தது, இந்தத் தண்ணீரை வெளியே விடக் கூடாது. மூன்றே வரி.

அவளுடைய ஆய்வு வழிகாட்டி டாக்டர் இராஜாங்கம் அந்த மூன்று வரியையும் சிவப்புப் பென்சிலால் அடித்தார். "என்னம்மா இது, பஞ்சாயத்து போர்டு நோட்டீஸ் மாதிரி? எளிமையா எழுதுனா எளிமையான ஆளுன்னு நினைச்சுக்குவான் வெளிநாட்டுக்காரன்" என்றார். மீன் செத்ததைப் பெரிதாகச் சொன்னால் கட்டுரையே திரும்பி வந்துவிடும் என்ற பயமும் அவருக்கு இருந்தது.

அவர் தலையில் மட்டும் பழியைப் போட்டுவிட முடியாது. அன்றைக்கு ராத்திரி உட்கார்ந்து அந்த ஏழு வரியைக் கட்டியவள் ஜெனித்தான். கட்டி முடித்துவிட்டு, நம்மாலும் இப்படி எழுத முடிகிறதே என்று பூரித்துப் போனவளும் அவள்தான்.

இப்போது போன ஞாயிற்றுக்கிழமை கிளாட்சன் போனில் சொன்னது நினைவுக்கு வந்துவிட்டது. "இந்த வருஷம் நாத்தங்காலுக்கு உன் பேப்பர்படிதான் ஜெனி. நம்ம வீட்டு டாக்டர் சொல்றதக் கேக்காம யாரு சொல்றதக் கேக்குறது?"

அவள் என்ன செய்தாள்? சிரித்தாள். பெருமையாக இருந்தது.

"எங்கடி ஓடுற?" என்று ஃபெபி கேட்பதற்குள் படி இறங்கிவிட்டாள்.

எஸ்டிடி பூத்தில் கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டு எண்ணை அழுத்தினாள். எடுத்தது அம்மா செபஸ்தியம்மாள்.

"ஜெனியா? என்னம்மா இந்நேரத்துல? சாப்புட்டியா?"

"அம்மா, அண்ணன் நாத்தங்காலுக்கு மருந்து போட்டாச்சா?"

"முந்தாநாளே போட்டாச்சு. உன் மருந்துதான். மறுநாளே மடையத் தெறந்து முருகையனுக்குத் தண்ணியும் விட்டுட்டான். அவரு பாவம், நாத்தங்கால் காயுதுன்னு வந்து நின்னாரு. குடுத்த வாக்கு இருக்குல்ல."

ஒரு வாரம் அடைத்து வைத்திருக்க வேண்டிய மடை.

"இன்னைக்குப் பாரு, வெள்ளிக்கிழமை, சுத்தபோசனம், கறி ஆகாது, என்னத்த ஆக்குறதுன்னு இருந்தேன். முருகையன் வீட்லேருந்து ஒரு சட்டி கெண்டை வந்திருக்கு. ரெண்டு வருஷத்துக்கப்புறம் அந்த வீட்டுப் பாத்திரம் நம்ம வாசப்படி ஏறியிருக்குடி."

இந்த இடத்தில் என்ன சொல்லியிருக்க வேண்டும்? அந்த மீனைச் சாப்பிடாதீங்கம்மா. அவ்வளவுதான். ஆனால் அதைச் சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்றால் என் மருந்து. என் மருந்து என்றால் என் கட்டுரை. பிலிப்பைன்ஸ், விமானம், கண்ணாடிச் சட்டம் எல்லாம் ஒரு நொடியில் அவள் கண் முன்னால் வந்து போயின. பயத்தில் வாய் தானாகவே கட்டுரை எழுதத் தொடங்கிவிட்டது.

"அம்மா, அந்த மருந்து விஷயத்துல சில பாதிப்பு இருக்கலாம்... இல்லவே இல்லன்னு முழுசா சொல்ல முடியாது... அதனால கொஞ்சம் முன்னெச்சரிக்கையா..."

"அதெல்லாம் உங்க அண்ணங்கிட்ட பேசிக்க. எனக்கு என்ன தெரியும்? காசு ஏறுது பாரு, வையி வையி."

"அம்மா, மீன..."

வைத்துவிட்டாள். வெளியூர் போன் என்றால் செபஸ்தியம்மாள் எப்போதும் அப்படித்தான். மகள் பணம் தேய்கிறதே என்று நெருப்பைத் தொட்டதுபோல் ரிசீவரைப் போட்டுவிடுவாள். அன்றைக்கு அது சரியாகவும் உட்காரவில்லை. ஜெனித் மறுபடி போட்டாள். எங்கேஜ்டு. மறுபடி. எங்கேஜ்டு. பங்குச் சாமியார் வீட்டுக்குப் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆள் இல்லை. ஊரில் வேறு யார் வீட்டு எண்ணும் அவளுக்குத் தெரியாது.

இருக்கிற காசைப் பூத்துக்காரரிடம் கொடுத்துவிட்டு, போட்டிருந்த துணியோடு பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோ பிடித்தாள்.

பாபநாசத்தில் இறங்கி வலங்கைமானுக்குப் பஸ் மாற வேண்டும். அய்யம்பேட்டை தாண்டியது. ஜன்னலுக்கு வெளியே எங்கே பார்த்தாலும் தண்ணீர். மேட்டூர் திறந்து தாமதமாக வந்த தண்ணீர். ஜனங்கள் கும்பிட்டு வரவேற்ற தண்ணீர். ஒரு வயலிலிருந்து அடுத்த வயலுக்கு, அங்கிருந்து அதற்கடுத்த வயலுக்கு என்று அது இறங்கி இறங்கிப் போய்க்கொண்டிருந்தது. பிறந்ததிலிருந்து பார்த்த காட்சி. இதைப் பார்த்து வளர்ந்தவளுக்கு எழுத உட்கார்ந்தபோது மட்டும் சிமென்ட் வரப்புதான் ஞாபகம் வந்தது. அதை நினைக்க நினைக்க அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரமாக வந்தது.

அப்பா ஒரு மணிக்குச் சாப்பிட உட்காருவார். கெண்டை என்றால் அவருக்கு உயிர். தலையை விட மாட்டார்.

ரயில்வே கேட் போட்டிருந்தார்கள். பஸ் நின்றது. டிரைவர் இறங்கி டீ குடிக்கப் போனார். ஜெனித் உதட்டுக்குள்ளே அருள் நிறைந்த மரியே சொல்லத் தொடங்கி, பாதியில் மறந்து, மறுபடி முதலிலிருந்து சொன்னாள். பக்கத்திலிருந்த அம்மாள், "ஏம்மா, துக்க வீட்டுக்கா போற?" என்று கேட்டாள்.

வலங்கைமானில் இறங்கி ஊருக்கு ஆட்டோ தேடினாள். ஸ்டாண்டுக்கு எதிரே மீரா உசேனின் பூச்சிமருந்துக் கடை. கடைக் கண்ணாடியில், கம்பெனி கொடுத்த கலர் விளம்பரங்களுக்கு நடுவில், ஒரு ஜெராக்ஸ் தாள். கிட்டே போகாமலே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவளுடைய கட்டுரையின் முதல் பக்கம்.

"வாங்க டாக்டரம்மா" என்று மீரா உசேன் எழுந்தே நின்றுவிட்டார். "உங்க அண்ணன் குடுத்தாரு. நம்ம ஊரு பொண்ணு எழுதுனதுன்னு எல்லாருக்கும் காட்டுறேன். பாதி மருந்து போதும்னு சொன்னதும் ஏழெட்டுப் பேரு வாங்கிட்டுப் போயிட்டாங்க."

ஏழெட்டுப் பேர். ஏழெட்டு நாற்றங்கால். அதன் கீழே எத்தனை மடை, எத்தனை வீடு?

"பாய், அந்த மருந்த... இப்போதைக்குக் கொஞ்சம் நிறுத்தி வச்சா நல்லது."

"ஏன், கம்பெனிக்காரன் விலைய ஏத்தப் போறானா?"

கடையில் நாலு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். எல்லாரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள்.

"அப்படித்தான் வச்சுக்குங்களேன்" என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறிவிட்டாள்.

பாருங்கள், காலையில் அம்மாவிடம் ஒன்று, இப்போது கடையில் ஒன்று. பயம் ஒரு ஆளை எவ்வளவு கோழையாக்கும் என்பதற்கு அன்றைய ஜெனித்தே போதும். ஆட்டோ கிளம்பியதும் அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

வீட்டில் சாப்பாட்டு மேஜையில் தட்டு போட்டாயிற்று. சிங்கராயர் சட்டையில்லாமல் துண்டோடு உட்கார்ந்திருந்தார். நடுவில் மீன் குழம்பு. செபஸ்தியம்மாள் அகப்பையால் ஒரு தலையை எடுத்து அவர் தட்டில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, தொடாதீங்க."

ஜெனித் ஓடிப்போய்த் தட்டைப் பிடுங்கினாள். குழம்பு அவர் வேட்டியில் கொட்டியது.

"என்னடி ஆச்சு உனக்கு?" செபஸ்தியம்மாள் அகப்பையோடு நின்றாள்.

"யாராவது சாப்புட்டீங்களா? அம்மா, நீங்க?"

"இல்ல. கிளாட்சன் வரட்டும்னு இருந்தோம். உப்பு பாக்க ஒரு சொட்டு நாக்குல விட்டேன். ஏன்?"

"போயி வாயக் கொப்புளிங்க. நல்லாக் கொப்புளிங்க. அந்த மீன்ல விஷம் இருக்கு."

சொல்லிவிட்டாள். பின்கட்டிலிருந்து கையைத் துடைத்தபடி வந்த கிளாட்சன் வாசலிலேயே நின்றான்.

"விஷமா? அது நம்ம மடையில புடிச்ச மீன். மீன் புடிக்கக் கூடு வச்சாங்களாம், கூடே வேணாம்னு மெதந்து வந்துச்சாம். முருகையன் சித்தப்பா அள்ளி அள்ளிப் போட்டாராம்."

"ஏன் மெதந்துச்சு அண்ணே? நீ போட்ட மருந்துதான். தண்ணிய ஒரு வாரம் வெளிய விடக் கூடாது. விட்டா மீன் சாகும்."

"அது எங்க எழுதியிருக்க?"

ஜெனித் சுவரில் மாட்டியிருந்த சட்டத்தைப் பார்த்தாள்.

"டிக்ஷனரிய வச்சுக்கிட்டு ராத்திரி ராத்திரி உக்காந்து படிச்சேன் ஜெனி. பாதி மருந்து போதும்னு முதப் பக்கத்துலயே இருந்துச்சு, அது புரிஞ்சுது. தண்ணிய விடாதன்னு எங்க எழுதியிருக்க? காட்டு."

அவளே போய்ச் சுவரிலிருந்து சட்டத்தைக் கழற்றிக்கொண்டு வந்தாள். ஏழு வரியை விரலால் காட்டினாள். அதற்கடுத்த வரியையும் காட்டினாள். கிளாட்சன் குனிந்து இரண்டு தடவை பார்த்தான்.

"இதுவா அது?" என்றான். "இதையும் படிச்சேன். ஒண்ணும் ஏறல. பெரிய படிப்பு, நமக்கெங்க புரியப் போவுதுன்னு தாண்டிட்டேன்." அவனுடைய குரல் இறங்கிவிட்டது. "மருந்தப் போட்டுட்டு நாந்தான் மடையத் தெறந்து விட்டேன். அவங்க வீட்டுக்கு."

அண்ணனும் தங்கையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மறு பேச்சில்லாமல் இரண்டு பேரும் முருகையன் வீட்டுக்கு ஓடினார்கள்.

முருகையன் வீட்டில் இல்லை. அவர் மனைவி அகிலாண்டம் கூடத்தில் உட்கார்ந்து மருமகளுக்கு விசிறிக்கொண்டிருந்தாள். மருமகள் குந்தவைக்கு ஐந்தாம் மாதம். புருஷன் சிங்கப்பூரில். பாயில் ஒருக்களித்துப் படுத்திருந்தவளின் ரவிக்கை வேர்வையில் தெப்பமாக நனைந்திருந்தது. வாயோரம் எச்சில் வழிந்துகொண்டே இருந்தது.

"ஒண்ணுமில்லம்மா, மசக்கை" என்றாள் அகிலாண்டம். "பசி தாங்க மாட்டா. சுடச்சுட மீன வறுத்து முதல்ல அவளுக்குத்தான் வச்சேன். தின்னுட்டு வாந்தியா எடுக்குறா."

ஜெனித் மண்டியிட்டு குந்தவையின் இமையைத் தூக்கிப் பார்த்தாள். கண்ணின் கருமணி குண்டூசித் தலை அளவுக்குச் சுருங்கிக் கிடந்தது.

"அக்கா" என்றாள் குந்தவை. "மூச்சு முட்டுதுக்கா. புள்ளைக்கு ஒண்ணும் ஆவாதுல்ல?"

ஜெனித் அகிலாண்டத்தின் பக்கம் திரும்பினாள். இந்தத் தடவை அவள் வாய் சுற்றி வளைக்கவில்லை.

"அகிலாண்டம் சித்தி, இது மசக்கை இல்ல. மீன்ல மருந்து ஏறியிருக்கு. நீங்க சாப்புட்டீங்களா?"

"இல்லையே. அவரு வந்தப்புறம்னு..."

"தொடாதீங்க. அண்ணே, வண்டிய கொண்டா."

கிளாட்சன் அடுத்த தெரு அஹமது கபீரின் வாடகைக் காரைக் கூட்டிக்கொண்டு வந்தான். குந்தவையைத் தூக்கிப் பின்சீட்டில் படுக்க வைத்தார்கள். அகிலாண்டம் தலைமாட்டில் ஏறினாள். ஜெனித் மருந்தின் பெயரைச் சொல்லி, அண்ணனைத் திருப்பிச் சொல்லச் சொன்னாள்.

"கும்பகோணம் ஆஸ்பத்திரியில நுழைஞ்சதும் இதச் சொல்லு. குருணை மருந்து, மீன் வழியா வயித்துக்குள்ள போயிருக்கு. அஞ்சாம் மாசம். மசக்கைன்னு யாரு சொன்னாலும் விடாத."

கிளாட்சன் கார்க் கதவைப் பிடித்தபடி அவளை ஓரமாக இழுத்தான். "ஜெனி, உன் பேரு வேணாம். அடுத்த மாசம் கெளம்பப் போற. கடைக்காரரு தப்பா சொல்லிக் குடுத்துட்டாருன்னு சொல்லிக்கலாம். இல்ல, நாந்தான் அளவு தெரியாமப் போட்டேன்னு சொல்லிக்கிறேன். கேக்குதா?"

அவள் பதில் சொல்வதற்குள் கார் கிளம்பிவிட்டது.

தெருவில் நின்றவளுக்கு வறுத்த மீனின் வாசனை வந்தது. முருகையன் வீட்டிலிருந்து இல்லை. எதிர் வீட்டிலிருந்து. அதற்கடுத்த வீட்டிலிருந்தும். புதுத் தண்ணீர் வந்த வாரம். எல்லா மடையிலும் கூடு வைத்திருப்பார்கள். மிதந்து வந்த மீனை யார்தான் விடுவார்கள்? வெள்ளிக்கிழமை வேறு. ஊரே ஒரு மணிச் சாப்பாட்டுக்கு உட்காரப் போகிறது. ஒவ்வொரு வீடாகக் கதவைத் தட்டினால் பாதித் தெரு முடிவதற்குள் மீதித் தெரு சாப்பிட்டு முடித்திருக்கும்.

குழம்புக் கறை படிந்த வேட்டியோடு சிங்கராயர் அங்கே வந்து நின்றார். "என்ன செய்யணும் சொல்லு" என்றார்.

"கோயில் மைக் வேணும்பா."

சாமியார் இல்லாததால் கோயில் சாவி, கோயில் காரியங்களைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியார் வீட்டில். சிங்கராயர் வாழ்நாளில் ஓடியதே இல்லை. அன்றைக்கு ஓடினார். மைக்கில் ஒரு கரகரப்பு எழுந்து அடங்கியது. ஜெனித் அதைக் கையில் வாங்கினாள்.

"அன்பார்ந்த ஊர்ப் பொதுமக்களின் கனிவான..."

நிறுத்தினாள். அந்த மொழி அவளுக்கே குமட்டியது. கண்ணை ஒரு தடவை மூடித் திறந்தாள்.

"நான் சிங்கராயர் மக ஜெனித் பேசுறேன். மடையில புடிச்ச மீன யாரும் சாப்புடாதீங்க. அதுல விஷம் இருக்கு. சாப்புட்டவங்க இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போங்க. போயி, குருணை மருந்து கலந்த மீனுன்னு சொல்லுங்க. நாத்தங்கால்ல குருணை போட்டவங்க உடனே மடைய அடைங்க. ஒரு வாரத்துக்குத் தெறக்காதீங்க. யாரு வந்து கேட்டாலும் தெறக்காதீங்க. ஆடு மாடு அந்தத் தண்ணியக் குடிக்கக் கூடாது."

மைக்கை அணைக்காமல் அவள் ஒரு மூச்சு இழுத்தாள். ஊருக்கே கேட்டது.

"கிளாட்சன் மேல தப்பில்ல. கடைக்கார பாய் மேலயும் தப்பில்ல. அவங்க படிச்ச பேப்பர எழுதுனது நாந்தான். மீன் சாகும்னு எனக்குத் தெரியும். நான் அத எழுதல."

மூன்று தடவை அதையே சொன்னாள். ஒரு வார்த்தையையும் மாற்றவில்லை. பிலிப்பைன்ஸ் போனது போனதுதான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆச்சரியம் என்னவென்றால், அதைவிட குந்தவையின் கருமணிதான் அவள் கண்ணுக்குள் நின்றது.

உபதேசியாரின் மகனை மோட்டார் சைக்கிளில் மீரா உசேன் கடைக்கு அனுப்பினார்கள். மருந்து வாங்கியவர் ஒவ்வொருவர் வீட்டுக்கும் ஆள் போக வேண்டும் என்று ஜெனித் சொல்லி அனுப்பினாள்.

ஒவ்வொருவராகக் கோயில் வாசலுக்கு வந்தார்கள். சட்டியோடு வந்தார்கள், வாணலியோடு வந்தார்கள். சிங்கராயர் மண்வெட்டியால் தென்னைமரத்தடியில் பள்ளம் பறித்தார். குழம்பும் வறுவலும் பள்ளத்துக்குள் விழுந்தன. ஒருத்தி கொட்டிவிட்டு ஜெனித்தை ஏற இறங்கப் பார்த்தாள். "எம் மவன் ஒரு துண்டு தின்னுட்டான். நல்லாத்தான் இருக்கான். ஏதாச்சும் ஆச்சு, உன்ன சும்மா வுட மாட்டேன்" என்றாள்.

"இப்பவே கூட்டிட்டுப் போங்க அக்கா. காத்திருக்காதீங்க" என்றாள் ஜெனித்.

சிங்கராயர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு மகள் பக்கம் திரும்பினார். இங்கிலீஷ் ஒரு எழுத்து தெரியாது அவருக்கு. ஆனாலும் தினமும் ஜெபம் முடிந்ததும் அந்தக் கண்ணாடிச் சட்டத்தைத் துடைத்து வைத்தவர்.

"நீ மைக்ல சொன்னது இவ்வளவுதானே" என்றார். "இதையேவா அந்தப் பேப்பர்ல எழுத முடியாமப் போச்சு?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை. அதனால்தான் ஜெனித்தால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வீட்டிலிருந்து செபஸ்தியம்மாள் வந்து, "எனக்கு ஒண்ணும் செய்யல, நீ அழாத" என்று அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

கூட்டம் குறையத் தொடங்கிய நேரத்தில், பாலத்துப் பக்கமிருந்து முருகையன் நடந்து வந்தார். தோளில் ஒரு பெரிய மூங்கில் கூடை. பஸ்ஸை விட்டு இறங்கி நேரே வருகிறார் என்பது பார்த்தாலே தெரிந்தது. மைக் சத்தம் குடமுருட்டிப் பாலம் வரைக்கும்தான் கேட்கும்.

ஊரே கோயில் வாசலில் நிற்பதைப் பார்த்து அவர் சிரித்துக்கொண்டே வந்தார்.

"என்ன பாப்பா, எப்ப வந்த? இங்க என்ன விசேஷம்?" கூடையைக் கீழே இறக்கி, கவிழ்த்து, அடியில் ரெண்டு தட்டு தட்டிக் காட்டினார். "கும்பகோணம் மார்க்கெட் வாசல்லயே முடிஞ்சு போச்சு. ஒரு பொடி மிச்சம் இல்ல. எல்லாம் உங்க அண்ணன் விட்ட தண்ணி குடுத்தது."

அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பள்ளத்தைப் பார்த்தார். சிரிப்பு மெல்ல அடங்கியது.

"எங்க வீட்ல யாரையும் காணமே" என்றார்.

ஜெனித் அவரிடம் போனாள்.

"சித்தப்பா, குந்தவைய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கேன். அந்த மீன்ல விஷம் இருக்கு. நீங்களும் நானும் இப்பவே கும்பகோணம் போகணும்." அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "யாரு யாரு வாங்குனாங்க, சொல்லுங்க."

முருகையன் வாயைத் திறந்தார். கவிழ்ந்து கிடந்த கூடையைப் பார்த்தார்.

"முகத்த யாரு பாத்தா பாப்பா?" என்றார்.